மாட்டுங்கா பழைய வீடு: பூப்போட்ட தரையைப் பெயர்ப்பதா, பாலிஷ் போடுவதா?

மாட்டுங்கா_வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம், 1940களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. எங்களுடையது இரண்டாவது மாடி, தாத்தா காலத்துப் பகடி வீடு, அதாவது அன்றைக்கே மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, குறைந்த வாடகையில் வழிவழியாக இருந்து வருவது. தரை மொத்தம் 600 சதுர அடி இருக்கும்.

ஹாலில் பூப்போட்ட சிமெண்ட் டைல்ஸ். மெரூன், சாம்பல், க்ரீம் நிறத்தில் நடுவில் நட்சத்திரப் பூ, சுற்றிலும் பார்டர். படுக்கையறையில் பூ இல்லாத பச்சை கலந்த சாம்பல் டைல்ஸ். சமையலறையில் மட்டும் தொண்ணூறுகளில் பழைய தரையின் மேலேயே செராமிக் ஒட்டியிருக்கிறார்கள். ஹால் தரை மங்கி, துடைத்தாலும் அழுக்காகவே தெரிகிறது. பாத்ரூமுக்குப் போகும் நடையில் ஏழெட்டு டைல்ஸ் கால் வைத்தால் ஆடுகின்றன. அங்கே வெள்ளையாக உப்பும் பூக்கிறது. அப்பா வாக்கர் வைத்து நடக்கிறார். அந்த இடத்தில் வாக்கரின் கால் மாட்டிக்கொள்கிறது.

காண்டிராக்டர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, இருக்கிற தரைக்கு மேலேயே இரண்டுக்கு நான்கு அடி விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டுவது. இரண்டு, எல்லாவற்றையும் உடைத்து எடுத்துவிட்டு கிரானைட். மனைவிக்கு ஹால் வெளிச்சமாக வேண்டும். அப்பா தரையைத் தொடக்கூடாது என்கிறார். தீபாவளிக்குள் முடிந்தால் நல்லது. பாலிஷ் என்று ஒரு வழி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். காண்டிராக்டரிடம் கேட்டால் சிரிக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டோம்பிவிலி_ஃபாஸ்ட் எழுதியது:

யோசிக்கவே வேண்டாம் சார், மேலேயே ஒட்டிவிடுங்கள். எங்கள் ஃப்ளாட்டில் அப்படித்தான் செய்தோம். இடிக்கிற சத்தம் இல்லை, ராபிட் (இடிபாடு) மூட்டை தூக்குகிற கூலி இல்லை, பக்கத்து வீட்டோடு சண்டை இல்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியிலிருந்து இடிபாட்டை இறக்க எவ்வளவு கேட்பார்கள் தெரியுமா? பழைய டைல்ஸ் பார்க்க அழகுதான். தினமும் துடைப்பவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

சயான்_சிவில் எழுதியது:

டோம்பிவிலி நண்பர் வீடு எந்த வருடக் கட்டடம் என்று சொல்லவில்லை. புது ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்) ஃப்ளாட் என்றால் அவர் சொல்வது சரி. 1940களின் மாட்டுங்கா கட்டடத்தில் எந்த டைல்ஸ் என்பது கடைசிக் கேள்வி. அந்தத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அந்தக் காலத்து பம்பாயில் தளம் பல விதம். சில இடங்களில் ஆர்சிசி. சில இடங்களில் இரும்பு கர்டர். இன்னும் பழைய கட்டடங்களில் மர உத்தரமோ கர்டரோ வைத்து, மேலே கல் பலகை பரப்பி, அதன்மேல் சுண்ணாம்புக் கலவை கொட்டிய லாதி கோபா தளம். உங்கள் வீட்டுத் தளத்தை உங்கள் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. முதல் மாடிக்காரரிடம் சொல்லி அவர்கள் சீலிங்கைப் பாருங்கள். கம்பி போகிற நேர்கோட்டில் விரிசல், துருக்கறை, உப்பிய பூச்சு இருக்கிறதா? கடல் காற்று அடிக்கும் ஊர் இது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் பருத்து, பூச்சைத் தள்ளிவிடும். அப்படி இருந்தால் டைல்ஸ் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். 30 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்துக்கு மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவில் ஆடிட், அதாவது கட்டட உறுதிச் சோதனை, கட்டாயம். வீட்டுக்காரர் செய்திருந்தால் அந்த அறிக்கையின் நகல் கேளுங்கள், தளம் எந்த வகை என்று அதிலேயே இருக்கும்.

அடுத்தது எடை. ஐஎஸ் 875 தரநிலை வீட்டு அறைக்கு ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது. 40 மி.மீ. கனத்துக்கு சிமெண்ட் கலவை போட்டால் அதுவே 80 கிலோவைத் தாண்டும். மேலே 18 மி.மீ. கிரானைட் ஏறக்குறைய 48 கிலோ. இரண்டும் சேர்ந்து 130. உங்கள் 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். ஆக 7 டன்னுக்கு மேல். பழைய டைல்ஸையும் அதன் அடியில் உள்ள கலவையையும் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் போனதற்கு வந்தது சரியாகிவிடும். ஆனால் நான் பார்த்த வரை டைல்ஸை மட்டும் பெயர்த்துவிட்டு, பழைய கலவைக்கு மேலேயே புதுக் கலவை கொட்டுகிறார்கள்.

மேலே ஒட்டினால் 10 மி.மீ. விட்ரிஃபைடும் பசையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 30 கிலோ சொச்சம்தான். அதைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் சமையலறையில் ஏற்கெனவே ஓர் அடுக்கு ஏறியிருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்று கூடவே கூடாது.

நடையில் உப்புப் பூப்பது பாத்ரூம் கசிவாக இருக்க நிறைய வாய்ப்பு. நஹானி டிராப்பை, அதாவது பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் வாயைச் சுற்றித்தான் முதலில் போகும். அதைச் சரி செய்யாமல் மேலே எதை ஒட்டினாலும் அதுவும் ஆடும்.

செம்பூர்_மாமி எழுதியது:

வெள்ளை விட்ரிஃபைடில் மாக்கோலம் போட்டால் கண்ணுக்கே தெரியாது. இதை யாரும் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். என் நாட்டுப்பெண் வீட்டில் பூஜை அலமாரிக்கு முன்னால் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறாள். இழை இழுத்தால் மாவு காய்ந்து உதிர்ந்துவிடுகிறது, தரையில் பிடிப்பதில்லை. மெரூன் தரையில் அந்தக் கவலை உண்டா?

இன்னொரு விஷயம். தரை மங்கியிருக்கிறது என்றீர்கள். எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள்? வேலைக்கு வருகிறவர்கள் பாத்ரூம் ஆசிடை ஒரு மூடி பக்கெட்டில் ஊற்றிவிடுவார்கள், நமக்குத் தெரியாது. சிமெண்ட் தரையை ஆசிட் அரித்துவிடும். எலுமிச்சை, வினிகர், புளித்தண்ணீர் எல்லாமே அப்படித்தான். அரித்த இடம் சொரசொரப்பாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எங்கள் வீட்டு மொசைக்கை பாலிஷ் போட்டோம். இப்போது வெறும் தண்ணீர், என்றைக்காவது துளி சோப்புத் திரவம். அவ்வளவுதான்.

மாட்டுங்கா_வாசி எழுதியது:

மாமி, கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான். பக்கெட்டில் ஆசிட் போயிருக்கிறது.

சயான் சார், கீழ் வீட்டு சீலிங்கைப் பார்த்தேன். ஹாலுக்குக் கீழே சுத்தமாக இருக்கிறது. எங்கள் பாத்ரூமுக்கும் நடைக்கும் நேர் கீழே ஒரு தாம்பாளம் அளவுக்குப் பூச்சு பொரிந்திருக்கிறது. பழுப்புக் கறையும் உண்டு. கீழ் வீட்டு மாமா ரொம்ப நாளாக எங்களிடம் சொல்லத் தயங்கியிருக்கிறார்.

கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் ரீடெவலப்மென்ட் பேச்சும் வருடா வருடம் வருகிறது, போகிறது. அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கிர்காவ்_குடித்தனம் எழுதியது:

அதை யோசித்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் இருப்பது செஸ் கட்டடம், அதாவது பழுதுபார்ப்பு வரி கட்டும் பழைய கட்டடம். 1940 செப்டம்பர் 1க்கு முன் கட்டியிருந்தால் ஏ பிரிவு, அதன் பின் 1950 டிசம்பர் வரை பி பிரிவு. மும்பை கட்டட விதிகளின் 33(7) பிரிவின் கீழ் இடித்துக் கட்டும்போது உங்களுக்குக் கிடைப்பது பழைய கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர் நீங்கிய உள்பரப்பை வைத்துத்தான். தரையில் கிரானைட் இருந்ததா மண் இருந்ததா என்று எந்த பில்டரும் கேட்க மாட்டார். போட்ட காசு இடிபாட்டோடு லாரியில் போகும். அதே சமயம், வருகிறது வருகிறது என்று இருபது வருடம் உடைந்த தரையிலேயே நடந்தவர்களையும் எனக்குத் தெரியும். எனவே செலவைக் குறைத்து, செய்ய வேண்டியதை இப்போதே செய்வதுதான் நடைமுறை.

அனுமதி விஷயம்: டைல்ஸ் மாற்றுவது, பாத்ரூமைப் பழுது பார்ப்பது இரண்டும் மாநகராட்சி கணக்கில் குடியிருப்பவர் செய்யும் சாதாரணப் பராமரிப்பு. தனி அனுமதி வேண்டாம். சுவர், உத்தரம் பக்கம் கை வைத்தால் கதை மாறும். ஆனாலும் பகடியில் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கிய நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழி சம்மதம் நாளைக்கு அவர் பையன் காலத்தில் செல்லாது. கீழ் சீலிங்கில் கம்பி வெளியே தெரிந்தால் அது கட்டடத்தின் பழுது. மாநில வீட்டுவசதி ஆணையமான மாடாவின் பழுதுபார்ப்பு வாரியத்துக்கு எழுதலாம், செஸ் கட்டுவது அதற்குத்தான்.

டைல்ஸ்_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, நான் தாராவியில் இருக்கிறேன், ஊர் திருநெல்வேலிப் பக்கம். இந்தத் தரை வேலைதான் தொழில். உங்கள் காண்டிராக்டர் சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. பாலிஷில் அவருக்கு மெட்டீரியல் கமிஷன் கிடையாது.

அந்த டைல்ஸ் சுட்டது இல்லை. அச்சில் வெள்ளை சிமெண்ட், மார்பிள் தூள், நிறப்பொடி கரைத்து நிறம் நிறமாக ஊற்றி, முதுகில் மணல் சிமெண்ட் போட்டு, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்தது. நம்ம ஆத்தங்குடி டைல்ஸும் இதே குடும்பம்தான். அது கண்ணாடி மேல் ஊற்றி கையால் செய்வது, இது மெஷினில் அழுத்தியது, அதனால் கெட்டி அதிகம். பூ மேலோடு தீட்டியது என்று நினைக்க வேண்டாம். சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு அதே நிறம் போகும். அதனால்தான் தேய்த்துப் புதிதாக்க முடிகிறது. 1922லேயே பம்பாயில் ஆரம்பித்த பாரத் ஃபுளோரிங்ஸ் இன்னும் இந்த வகை சிமெண்ட் டைல்ஸ் செய்கிறார்கள், பூவின் போட்டோவைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். பெரிய அலமாரி, தண்ணீர் டிரம் வைத்த மூலை, கட்டிலுக்கு அடியில் நல்ல டைல்ஸ் இருக்கும். அதை எடுத்து கண்ணில் படும் இடத்தில் வைத்து, அலமாரிக்கு அடியில் ஏதாவது சாம்பல் டைல்ஸைப் போட்டுவிடலாம்.

முதலில் தட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை விரலில் பிடித்து ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலையிலும் நடுவிலும் தட்ட வேண்டும். ‘டிக் டிக்’ என்றால் கெட்டி. ‘டொப்’ என்றால் அடியில் காலி. காலியானதை எல்லாம் சாக்பீஸில் பெருக்கல் போட்டுக்கொண்டே போங்கள். அந்தப் பெருக்கல் குறிகளைத் தூர நின்று பார்த்தாலே தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

பெயர்க்கும்போது சுத்தியல், உளியால் நேராக அடித்தால் மூலை உடையும். சுற்றிலும் உள்ள ஜாயின்டை மெல்லிய பிளேடால் கீறிவிட்டு, ஆடுகிற டைல்ஸிலிருந்து தொடங்கி, அடியில் பட்டைக் கரண்டி விட்டு நெம்ப வேண்டும். பழைய சுண்ணாம்புக் கலவை என்றால் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்து வரும். முதுகில் ஒட்டியதைச் சுரண்டி, கழுவி, எந்த இடத்தில் இருந்தது என்று பின்னால் நம்பர் எழுதி அடுக்குங்கள். பார்டர் டைல்ஸுக்கு நம்பர் ரொம்ப முக்கியம், திசை மாறினால் கோடு சேராது.

பாலிஷ் மெஷின்காரரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லுங்கள். மொசைக்குக்குப் போடுவது போல 60 நம்பர் சொரசொரப்புக் கல்லில் ஆரம்பிக்கக் கூடாது. மொசைக்கில் கல் சில்லு கனமாக இருக்கும், தாங்கும். இதில் நிற அடுக்கு மெல்லியது. 120இல் மெதுவாகத் தொடங்கி 220, 400, 800 என்று ஏற்றிப் போகட்டும். முதலில் கட்டிலுக்கு அடியில் இரண்டுக்கு இரண்டு அடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிடித்தால் மட்டும் ஹால். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். காய்ந்த தரையில் கிரைண்டர் ஓட்டினால் வருகிற சிமெண்ட், மணல் தூசி நுரையீரலுக்குக் கேடு. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அதில் படுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் வயசானவர் வேறு.

தேய்க்கும்போது வருகிற சகதியை நஹானியில் தள்ளிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அது பைப்புக்குள் போய் உட்கார்ந்து சிமெண்டாக இறுகிவிடும். வைப்பரால் ஒதுக்கி, தகரத்தால் அள்ளி, பக்கெட்டில் சேர்த்து, தெளிந்த பிறகு கட்டியை மூட்டையில் கட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் சீலர், அதாவது கறை இறங்காமல் காக்கும் பூச்சு. கண்ணாடி போல மேலே படலம் கட்டும் லாக்கர் வேண்டாம். தரைக்குள் இறங்குகிற வகை கேளுங்கள்.

டோம்பிவிலி_ஃபாஸ்ட் எழுதியது:

அண்ணாச்சி, எல்லாம் சரி. ஆனால் இவ்வளவையும் நின்று பார்க்க வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் ஏது? விட்ரிஃபைட் போட்டால் அடுத்த பத்து வருடம் தரையைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கறை பிடிக்காது, ஆசிட் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மாமியின் கோலத்துக்காக ஹாலை இருட்டாக வைத்திருக்க முடியுமா?

டைல்ஸ்_அண்ணாச்சி எழுதியது:

விட்ரிஃபைட் கெட்ட சரக்கு என்று நான் சொல்லவே இல்லை, தினமும் அதைத்தான் ஒட்டுகிறேன். அது தண்ணீரே குடிக்காது, அரை சதவீதத்துக்கும் கீழே. அதனால் சிமெண்ட் பால் ஊற்றி வைத்தால் பிடிக்காது, ஐஎஸ் 15477 போட்ட பசை வேண்டும். பழைய தரைக்கு மேல் ஒட்டுவதானால் அதற்கென்று உள்ள ரகம் வேண்டும். மூலைக்கு ஒரு உருண்டை வைத்து ஒட்டுகிற ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள், பல்லுக் கரண்டியால் முழுக்கத் தடவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அடியில் இருக்கிற டைல்ஸ் ஆடினால் மேலே இருப்பதும் ஆடும். நடையை எப்படியும் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

முலுண்ட்_மகள் எழுதியது:

தரை அழகைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அப்பா வாக்கரில் நடக்கிறார் என்பதைக் கொஞ்சம் கவனிக்கலாம். என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவை இவை.

மேலே ஒட்டினால் தரை 12 முதல் 15 மி.மீ. வரை உயரும். ஹாலில் மட்டும் ஒட்டி, படுக்கையறையை விட்டால் நிலைப்படியில் ஒரு சின்ன ஏற்றம் வரும். பெரிய படியைக் கண் பார்த்துவிடும், இந்தச் சின்ன ஏற்றத்தில்தான் வாக்கர் மாட்டும். கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டியிருக்கும், பழைய தேக்குக் கதவு என்றால் அதற்குத் தனி ஆள். பளபளக்கும் விட்ரிஃபைட் மழைக்காலத்தில் ஈரக்காலோடு வந்தால் வழுக்கும். பாத்ரூமுக்கும் நடைக்கும் மேட் ஃபினிஷ் வாங்குங்கள். கடையில் வழுக்காத ரகம், ஆர்10 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். வெளிச்சத்துக்குத் தரையை மாற்ற வேண்டியதில்லை. சுவருக்கு வெள்ளை அடித்து இரண்டு நல்ல விளக்கு போட்டால் மெரூன் தரையும் எடுப்பாகத் தெரியும். வேலை நடக்கும் நாட்களில் அப்பாவை வேறு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமும் சகதியுமாக இருக்கும் வீட்டில் வாக்கர் வேண்டவே வேண்டாம்.

மாட்டுங்கா_வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாணயம் வைத்துத் தட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி சொன்னது போலவே பெருக்கல் குறி எல்லாம் பாத்ரூம் வாசலில் தொடங்கி ஹாலுக்குள் இரண்டு வரிசை வரை வந்து நின்றுவிடுகிறது. மற்ற இடமெல்லாம் கெட்டி.

இப்போதைக்குத் திட்டம் இது. பாத்ரூமை உடைத்து வாட்டர்ப்ரூஃபிங், நஹானி மாற்றம். நடையை முழுக்கப் பெயர்த்து மேட் டைல்ஸ், ஹால் மட்டத்துக்கே. ஹால், படுக்கையறை பாலிஷ். சமையலறையை இப்போதைக்குத் தொடவில்லை. பாலிஷுக்குச் சொன்ன கூலி, கிரானைட்டுக்குச் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. வெளிச்சத்துக்கு விளக்கு என்றதும் மனைவியும் சம்மதித்துவிட்டாள். அப்பா அத்தை வீட்டுக்கு மூட்டை கட்டத் தயார், ஆனால் பாலிஷ் போடும் அன்று வந்து பார்ப்பேன் என்கிறார்.

கேள்வி ஒன்று பாக்கி. இதெல்லாம் தீபாவளிக்குள் நடக்குமா?

சயான்_சிவில் எழுதியது:

பாத்ரூம் நடக்கும், பாலிஷ் சந்தேகம். பாத்ரூமில் பழைய கோபாவை (தரைக்கு அடியில் உள்ள கலவை அடுக்கை) எடுத்து, தளத்தைக் காயவிட்டு, வாட்டர்ப்ரூஃபிங் பூசிய பிறகு டைல்ஸ் வைப்பதற்கு முன்னால் வடிகால் குழாயை அடைத்து தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கீழ் வீட்டு மாமாவைக் கூடவே வைத்துக்கொண்டு அவர் சீலிங்கைப் பாருங்கள். அது தேறாமல் அடுத்த கட்டத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். கீழே பொரிந்த பூச்சைத் தட்டி எடுத்து, கம்பியை எஞ்சினியர் ஒருவர் பார்த்த பிறகுதான் மறுபூச்சு. அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் வரும், முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

நடைத் தளம் காய நேரம் எடுக்கும். மழை விட்ட பிறகும் பம்பாயில் ஈரம் சட்டென்று இறங்காது. ஒரு பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சீலர் பக்கம் போகவே கூடாது. ஈரத்தை உள்ளே பூட்டினால் உப்பு மறுபடி வெளியே வரும், இந்த முறை ஹாலில்.

டைல்ஸ்_அண்ணாச்சி எழுதியது:

தீபாவளிக்கு முன்னால் மெஷின்காரர்கள் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் அவசரமாகத் தேய்ப்பார்கள். பாத்ரூம், நடை, ஆடுகிற டைல்ஸைத் திரும்பப் பதிப்பது வரை இப்போது முடியுங்கள். பாலிஷ் டிசம்பரில், காற்று காய்ந்திருக்கும்போது. ராபிட் மூட்டையை ராத்திரியில் ரோட்டோரம் வைத்துவிட்டுப் போகிற ஆள் இருப்பான், அபராதம் உங்கள் பெயரில் வரும். மாநகராட்சியில் டெப்ரிஸ் ஆன் கால் என்று ஒன்று இருக்கிறது, அதில் பதிவு செய்து லாரியை வரச் சொல்லுங்கள். மாடியிலிருந்து மூட்டை இறக்குகிற கூலியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், அதில்தான் கடைசி நாளில் தகராறு வரும்.